வாடகைக் காரில் விபத்து நடந்துவிட்டால்: மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தங்கை வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். பிள்ளைக்குக் காதுகுத்து என்று ஊருக்கு வந்தவர், மூன்று நாளைக்கு ஒரு காரை வாடகைக்கு எடுத்தார். தெரிந்தவருக்குத் தெரிந்தவருடைய வண்டி, வெள்ளை நம்பர் பிளேட், டிரைவர் கிடையாது, சாவியை வாங்கிக்கொண்டு நாமே ஓட்ட வேண்டியதுதான். உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து, கிடாய் விருந்து எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பும்போது, செக்கானூரணி தாண்டி நாகமலை புதுக்கோட்டை வருவதற்குள் எதிரே வந்த பைக்கில் மோதிவிட்டது. பைக்கில் வந்தவர் கொத்தனார், கால் எலும்பு முறிந்துவிட்டது. காருக்குள் இருந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்தது.

அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று அலைந்தோம். முதல் இரண்டு நாளில் செய்யாமல் விட்ட சில சின்ன வேலைகளுக்காகத்தான் அந்த அலைச்சலில் பாதி. அந்த வேலைகள் என்னவென்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, பெரிய காயம் என்றால் கட்டாயம் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஆனால் வக்கீலிடம் போவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

சாவி வாங்கும் முன் பிளேட்டைப் பாருங்கள்

மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் டாக்ஸி, டிரைவரோடு வரும். கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் உரிமம் பெற்ற வண்டி. வெள்ளை பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோகத்துக்கான கார், அதை வாடகைக்கு விடக் கூடாது. மின்சார கார் என்றால் பச்சை பிளேட், அதில் வெள்ளை எழுத்து சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து வாடகை வண்டி.

செல்ஃப் டிரைவ் வண்டி விடுவதற்கு 1989-ல் வந்த மத்திய அரசின் திட்டப்படி உரிமம் வேண்டும். அந்தத் திட்டம் குறைந்தது 50 வண்டிகள் இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் ஒன்று இரண்டு கார் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'செல்ஃப் டிரைவ் கிடைக்கும்' என்று போடுகிறவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். வண்டி ஓடும் வரை பிரச்சினை இல்லை, மோதினால்தான் பிரச்சினை. சொந்த உபயோகத்துக்கு என்று இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு வாடகைக்கு விட்டால், பாலிசி நிபந்தனையை மீறிவிட்டார்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்கும்.

எங்கள் விஷயத்திலும் அதுதான் நடந்தது. வாடகைக்கு விட்டது கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? மாப்பிள்ளை பணத்தை ஜிபேயில் அனுப்பும்போது குறிப்பில் 'கார் ரெண்ட் 3 நாள்' என்று தட்டியிருந்தார். வண்டிக்காரர் மறுநாளே போன் போட்டு, 'நண்பர் என்ற முறையில் சும்மா ஓட்டக் கொடுத்தேன்னு சொல்லிடுங்க' என்றார். அப்படிச் சொல்லாதீர்கள். பொய் வாக்குமூலம் பின்னால் உங்கள் கழுத்துக்குத்தான் வரும், அதோடு அங்கே ஒரு மனிதர் காலில் கட்டோடு படுத்திருக்கிறார்.

எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் வண்டி எந்த வகை, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, எஃப்சி இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. அப்புறம் வண்டியை நான்கு பக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், கிலோமீட்டர் காட்டும் இடத்தையும் சேர்த்து.

லைசென்ஸைப் பற்றி ஒரு சந்தேகம் பலருக்கு உண்டு. சாதாரண கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு வாடகை வண்டி ஓட்டலாமா? 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தீர்த்துவிட்டது. இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம், தனியாக பேட்ஜ் தேவையில்லை. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் அங்கேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மோதியவுடன்

108-க்கு அடியுங்கள். நான்குவழிச் சாலை என்றால் 1033-ம் இருக்கிறது. வண்டியை ஓட்டியவர் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு. கூட்டம் கூடி அடிக்க வருகிற நிலை என்றால் அங்கே நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போய்விடக் கூடாது, நேராகப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய் நில்லுங்கள்.

இரண்டு வண்டிகளும் நின்ற இடத்தை அசைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். நம்பர் பிளேட், டயர் தேய்ந்த தடம், கண்ணாடிச் சில்லு கிடக்கும் இடம், பக்கத்தில் இருக்கும் மைல்கல், எதிர்க்கடையின் பெயர்ப்பலகை எல்லாம் விழுகிற மாதிரி எடுக்க வேண்டும். பெட்ரோல் பங்க், டீக்கடை, டோல்கேட் எங்கே கேமரா இருந்தாலும் அன்றைக்கே சொல்லி வையுங்கள், பழைய பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். புத்தகம்

பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் தனியாருக்குப் போனாலும், விபத்துக் கேஸ் என்றவுடன் டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். அதைத்தான் ஏ.ஆர். என்கிறோம். 'இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், இந்த வண்டி மோதியதாகச் சொல்லப்படுகிறது' என்று ஒரே ஒரு வரி. கூட வந்தவர் பதற்றத்தில் என்ன சொல்கிறாரோ அதுதான் அந்த வரி. கொத்தனாரைக் கொண்டுபோனவர் யாரோ வழிப்போக்கர், நல்ல மனிதர், ஆனால் அவர் 'பைக்கில் இருந்து விழுந்துட்டார்' என்று சொல்லியிருக்கிறார். அப்படியே பதிவாகிவிட்டது. கார் மோதியதாக அதில் இல்லை. பின்னால் கம்பெனி வக்கீல் அந்தத் தாளைத்தான் தூக்கிக் காட்டினார். எஃப்ஐஆர், சாட்சி, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாவற்றையும் வைத்து அதைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

அதனால் நீங்கள் அடிபட்டவர் பக்கம் என்றால், கார் மோதியது என்பதையும் நம்பர் தெரிந்தால் நம்பரையும் தெளிவாகச் சொல்லுங்கள், பிறகு என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக்கடை பில், ஆட்டோவுக்குக் கொடுத்தது வரை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

பணத்துக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணம் இல்லாமல் கிடைக்கும். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, வெளிமாநிலத்தவரா என்று பார்ப்பதில்லை. மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டத்தை அறிவித்தது, ஏழு நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியா என்று மட்டும் வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஸ்டேஷனில்

'எதுக்குங்க கேஸு, பேசி முடிச்சுக்கலாம்' என்று இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து நிற்பார்கள். பம்பரில் கீறல் என்றால் பேசி முடித்துக்கொள்ளலாம், தப்பில்லை. எலும்பு முறிவு, தலைக்காயம் என்றால் பேசவே பேசாதீர்கள். 20 ரூபாய் பத்திரத்தில் 'எங்களுக்குள் சமாதானமாகப் போய்விட்டோம், மேல் நடவடிக்கை வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இருபதாயிரத்தை வாங்கிக்கொண்டு போனவர், ஆறு மாதம் கழித்து கால் கூடவில்லை என்றால் எங்கே போவார்? வாடகைக் கார் ஓட்டியவருக்கும் இது ஆபத்துதான். கையிலிருந்து காசு கொடுத்து முடித்ததாக நினைப்பீர்கள், பிறகு வழக்கு வரும்போது இன்சூரன்ஸ் கம்பெனி 'எங்களுக்கு உரிய நேரத்தில் சொல்லவே இல்லை' என்று ஆரம்பிக்கும்.

மதுரை மாநகருக்குள் நடந்த விபத்து என்றால் பெரும்பாலும் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கும், வெளியே என்றால் அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையம். 'எங்க எல்லை இல்லை' என்று அனுப்பப் பார்த்தால், எந்த நிலையத்திலும் எஃப்ஐஆர் பதியலாம், பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. உடனே எஃப்ஐஆர் போடாவிட்டாலும் புகார் கொடுத்ததற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். எஃப்ஐஆர் நகல் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

ஓட்டியவர் மீது என்ன பிரிவு வரும் என்று பயப்படுவார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாதான். கவனமின்றி ஓட்டியதற்கு 281, காயத்துக்கு 125, உயிர் போயிருந்தால் 106(1), இதில் அதிகபட்சம் ஐந்து வருடம். மூன்றுமே ஜாமீனில் விடக்கூடியவை. ஒரு விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும்: சீக்கிரம் முடிகிறதே என்று மாஜிஸ்திரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால், இழப்பீட்டு வழக்கில் அந்த ஒப்புதல் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். வக்கீலைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

போலீஸ் செய்ய வேண்டிய இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள். பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் என்னென்ன என்று ஒரு படிவமும் அவருக்குக் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் எந்தப் பக்கம்?

இனிமேல் வழி பிரிகிறது.

ரோட்டில் போனவரை வாடகைக் கார் மோதியது என்றால், இழப்பீடு கேட்க வேண்டியது ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ள உரிமையாளரிடமும் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடமும், ஓட்டியவரையும் சேர்த்து. புக்கிங் எடுத்த ஆப், கமிஷன் வாங்கிய இடைத்தரகர், இவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து நாளைக் கடத்த வேண்டாம். பாலிசி நிபந்தனையை மீறியிருந்தால்கூட, 'கம்பெனி முதலில் பணத்தைக் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்' என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். கொத்தனாருக்கு அப்படித்தான் கிடைத்தது. பிறகு கம்பெனி வண்டிக்காரரைப் பிடிக்க, வண்டிக்காரர் மாப்பிள்ளையைப் பிடித்தார்.

டிரைவரோடு வந்த டாக்ஸியில் பயணியாக உட்கார்ந்திருந்தீர்கள் என்றால் உங்கள் நிலைதான் கொஞ்சம் பலமானது. லாரிமேல் தப்பா டாக்ஸிமேல் தப்பா என்று நீங்கள் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு பேர் கவனக்குறைவாலும் நடந்திருந்தால் யாராவது ஒருவரிடமே முழுத்தொகையையும் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லியிருக்கிறது. ட்ரிப் ஷீட், புக்கிங் வந்த எஸ்எம்எஸ் இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தவர் நீங்களே என்றால், மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். எதிர் வண்டிமேல் தப்பு என்றால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் தப்பு உங்கள்மேல், அல்லது தானாக மரத்தில் மோதியது என்றால், அடுத்தவர் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார், அவர் தன் வண்டிக் காப்பீட்டிலேயே இழப்பீடு கேட்க முடியாது என்பதுதான் உச்ச நீதிமன்றம் 2009-லும் 2020-லும் எடுத்த நிலைப்பாடு. பாலிசியில் 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று இருக்கும், அது ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர் ஓட்டினால் மட்டும். வாடகைக்கு எடுத்தவர் ஓட்டி உயிர் போனால் அந்தக் குடும்பத்துக்கு அதில் ஒரு பைசா வராது. அடிக்கடி செல்ஃப் டிரைவ் எடுக்கிறவர்கள் தங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

மனு போடுவது

மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கை நம் பக்கம் எம்சிஓபி என்பார்கள். விபத்து கொடைக்கானல் மலைப்பாதையில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். மதுரைக்காரர் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் போட்டால் போதும், வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏற வேண்டாம்.

ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

தப்பு யார்மேல் என்று நிரூபிக்காமலே கேட்கும் வழியும் உண்டு, 164-வது பிரிவு: உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். சீக்கிரம் முடியும். ஆனால் அதை வாங்கிக்கொண்டால் 166-வது பிரிவில் முழு இழப்பீடு கேட்கும் மனு போய்விடும். சம்பாதிக்கிற வயது, நிரந்தர ஊனம் என்றால் அவசரப்படாதீர்கள்.

ஏன் என்று ஒரு கணக்கில் பாருங்கள். 38 வயதுக் கொத்தனார், மாதம் 18,000 ரூபாய் சம்பாத்தியம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,16,000. சொந்தத் தொழில் செய்கிறவர், 40 வயதுக்குள், அதனால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 3,02,400. அந்த வயதுக்கு வருட வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண் 15. வேலைத்திறனில் 20 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்றால் வருமான இழப்பு மட்டும் 9,07,200 ரூபாய். மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் தனி. இந்த 20 என்பது டாக்டர் எழுதும் ஊனச் சதவீதம் அல்ல, அந்த ஊனத்தால் அவருடைய தொழிலில் எவ்வளவு போனது என்பது. முழங்கால் மடங்காவிட்டால் கணக்கு எழுதுகிறவர் சமாளித்துவிடுவார், சாரத்தில் ஏறுகிறவரால் முடியுமா? இதைத் தீர்ப்பாயத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். கூலிக்குப் போகிறவருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது என்பதால், மேஸ்திரியின் சாட்சியம், நலவாரிய அட்டை, வங்கிப் பாஸ்புக் இதையெல்லாம் சேர்த்து வையுங்கள்.

வக்கீல் விஷயத்தில் ஒன்று. ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து வக்காலத்தில் கையெழுத்து கேட்கிறவரிடம் போடாதீர்கள், வெற்றுத்தாளில் எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கே விரோதம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வக்கீல் கேட்கலாம், போன் 15100. மக்கள் நீதிமன்றத்தில் கம்பெனியோடு பேசித் தீர்ப்பதும் உண்டு, ஆனால் அங்கே முடித்தால் அதற்குமேல் அப்பீல் கிடையாது, கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

வண்டிச் சேதமும் பிடித்துவைத்த அட்வான்சும்

எந்தச் சேதத்துக்கும் வாடகைக்கு எடுத்தவரே முழுப்பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். அதைக் காட்டி, அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டு, மேலே லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஒர்க்ஷாப் எஸ்டிமேட்டை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். வண்டிக்கு முழுக் காப்பீடு இருக்கிறதா, கிளைம் போட்டாரா, சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பிரித்துவிட்டார்களா, கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். ஒரே டிங்கரிங் வேலைக்கு இன்சூரன்ஸிலும் வாங்கிவிட்டு உங்களிடமும் வாங்குவது நியாயமே இல்லை. அடுத்தவரிடம் வாடகைக்கோ இரவலாகவோ வாங்கிய பொருளைச் சாதாரண மனிதர் தன் பொருளைப் பார்ப்பது போலக் கவனமாக வைத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அதற்கு நேர்ந்த சேதத்துக்கு அவர் பொறுப்பில்லை என்று 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. பின்னால் வந்த பஸ் நின்றுகொண்டிருந்த உங்களை இடித்தால் நீங்கள் ஏன் கட்ட வேண்டும்?

கேட்டும் தராவிட்டால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அப்புறம் நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கொடுத்த வாடகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே இல்லை. எடுக்கும்போது பிடித்த வீடியோ அங்கேதான் கைகொடுக்கும். மாப்பிள்ளை அதைப் பிடித்திருக்கவில்லை, பழைய கீறலுக்கெல்லாம் சேர்த்துக் காசு கொடுத்தார்.

தீர்ப்பாயத்தின் தொகை திருப்தி இல்லை என்றால் 90 நாளுக்குள் ஒத்தக்கடை பக்கம் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் அப்பீல் செய்யலாம், வித்தியாசம் ஒரு லட்சத்துக்குக் குறைவு என்றால் முடியாது. தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தொகையை உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலேயே போடச் சொல்லிக் கேளுங்கள், பாஸ்புக்கின் முதல் பக்க நகலை வக்கீலிடம் முன்னாலேயே கொடுத்து வைத்தால் அதற்கென்று ஒரு வாய்தா மிச்சமாகும்.